கைதிலிருந்து சிறைக் கதவு வரை: ஜாமீனும் ஜாமீன்தாரரும், முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால் குடும்பமே வக்கீலைத் தேடி ஓடும். ஓடத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கே ஜாமீன்தாரர், அதாவது அவருக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுபவர், இரண்டு பேரைத் தேடி யாரும் கிளம்புவதில்லை. பத்து நாள் கழித்து ஜாமீன் ஆணை கிடைக்கிறது, ஆள் மட்டும் வெளியே வரவில்லை. கையெழுத்துப் போட வந்த பெரியப்பாவின் வீட்டு வரி ரசீது இன்னும் அவருடைய காலஞ்சென்ற அப்பா பெயரிலேயே இருக்கிறது. மாமாவின் ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இன்னொரு இனிஷியல். அதற்குள் வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட, அடுத்த வேலை நாள் திங்கள். நீதிபதி 'போகலாம்' என்று சொன்ன பிறகும் ஒரு மனிதர் காகிதத்துக்காகச் சிறையில் கிடப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். இந்தக் கட்டுரையில் பெரும்பங்கு ஜாமீன்தாரரைப் பற்றியே இருப்பது அதனால்தான்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் பலர் இன்னமும் பழைய பிரிவு எண்களைத்தான் சொல்வார்கள். கீழே புதிய எண்ணைத் தந்திருக்கிறேன், தேவைப்படும் இடங்களில் பழையதையும் சேர்த்திருக்கிறேன்.

முதல் சில மணி நேரம்

முதலில் மூன்று விவரங்கள் வேண்டும்: எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவுகள். இவை இல்லாமல் எந்த வக்கீலாலும் ஒரு வரி எழுத முடியாது. கைது செய்த விவரத்தையும் ஆள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது போலீஸின் கடமை (பிரிவு 48). எதற்காகக் கைது, ஜாமீனில் விடக்கூடிய குற்றமா என்பதைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும் (பிரிவு 47). கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கையெழுத்துக் கேட்டால், கைதான நேரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியாக வேண்டும். இது பிரிவு 58இல் இருக்கிறது, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பிலும் இருக்கிறது. 'சும்மா விசாரணைக்குத்தானுங்க, காலையில அனுப்பிருவோம்' என்று சொல்லி இரண்டு நாள் வைத்திருந்தால் அது சட்டவிரோதக் காவல். அந்த நிலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குப் பேசுங்கள், வக்கீல் மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ காவல் ஆணையருக்கோ தபால், மின்னஞ்சல் எதாவது எழுத்தில் அனுப்புங்கள். வாய்ச்சொல்லுக்குப் பதிவு கிடையாது.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக்கூடாது, ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும் என்பது பொது விதி. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. பழைய 41ஏ நோட்டீஸ்தான் இப்போது பிரிவு 35(3) நோட்டீஸ். அது வந்தால் பயந்து ஊரை விட்டுப் போக வேண்டாம். ஆஜரானால் பெரும்பாலும் கைதே இல்லாமல் முடியும். போகாமல் இருந்தால் அதையே கைதுக்குக் காரணமாகக் காட்டுவார்கள்.

ஸ்டேஷன் ஜாமீனா, கோர்ட் ஜாமீனா

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, யாருடைய தயவும் அல்ல (பிரிவு 478). ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே விடலாம், விட வேண்டும். நம் பக்கம் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் லாரி ஒன்று சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் பைக்கில் மோதி ஒருவர் இறந்துவிடுகிறார். டிரைவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 106(1), அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். உயிர் போன வழக்கு என்பதால் ஜெயில்தான் என்று குடும்பம் நினைக்கும். ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். லாரி உரிமையாளரோ உள்ளூரில் தெரிந்தவரோ கையெழுத்துப் போட்டால் டிரைவர் அன்றே வீட்டுக்குப் போகலாம். அடிதடியில் சாதாரணக் காயமும் இந்த வகைதான்.

ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைக்கும் இதே பிரிவு வழி வைத்திருக்கிறது. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்று கருதி, அவருடைய சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே (வாய்தாவுக்கு வருவேன் என்று அவரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியில்) விட வேண்டும். ஸ்டேஷன் ஜாமீனுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

திருட்டு, மோசடி, கொலை முயற்சி போன்றவை ஜாமீனில் விடமுடியாத குற்றங்கள் என்ற பட்டியலில் வரும். அதற்கு ஜாமீனே கிடையாது என்று அர்த்தம் இல்லை. ஸ்டேஷனில் கிடையாது, நீதிமன்றம் பார்த்துத் தரும் என்பதுதான் பொருள்.

ரிமாண்ட்

விடுமுறை நாளோ இரவோ ஆனால் நடுவரின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். அங்கே நின்று ஐந்து நிமிடம் பேசும் வக்கீலின் மதிப்பு பிறகு தாக்கல் செய்யும் பெரிய மனுவுக்கு இருக்காது. அடித்திருந்தால் அந்த நேரத்தில்தான் நடுவரிடம் சொல்ல வேண்டும். நோய், கர்ப்பம், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் சொல்கிறது.

நடுவர் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 15 நாள் நீதிமன்றக் காவலில் வைக்கலாம், ரிமாண்ட் என்பது இதுதான். ஆள் கிளைச் சிறைக்கோ மாவட்டச் சிறைக்கோ கோவை, சேலம் மத்திய சிறைக்கோ போவார். பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் இந்தப் பாதையே இல்லை, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பள்ளிச் சான்றிதழை உடனே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஜாமீன் மனு எந்தக் கோர்ட்டில்

வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கைதானவரின் கையெழுத்தைச் சிறை அதிகாரி மூலம் வாங்க வேண்டும், அதற்கு அரை நாள் போகலாம். சாதாரண வழக்குகளில் முதலில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் (பிரிவு 480, பழைய 437). மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களில் நடுவரின் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். பெண்கள், சிறுவர், நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அடுத்தது மாவட்ட அமர்வு நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம் (பிரிவு 483, பழைய 439).

உயர் நீதிமன்றம் என்றால் கொங்கு மாவட்டங்களில் ஒரு பிரிவினை உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் சென்னைக்குப் போக வேண்டும். கரூரும், பழனி, ஒட்டன்சத்திரம் அடங்கிய திண்டுக்கல் மாவட்டமும் மதுரைக் கிளையில் வரும். வெள்ளகோவில்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், பக்கத்து க.பரமத்திக்காரர் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். வழக்கு எந்த மாவட்டத்து ஸ்டேஷனில் பதிவானது என்பதுதான் கணக்கு, உங்கள் வீடு எங்கே என்பது அல்ல.

நீதிபதி என்ன பார்ப்பார்? குற்றத்தின் கடுமை, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, முன்வழக்குகள் உண்டா, விசாரணை எந்த அளவில் இருக்கிறது, காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாரா. இதில் கடைசி விஷயத்தைக் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காயம்பட்டவர் சிகிச்சையில் இருக்கும்வரை பல நீதிபதிகள் காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே அவர் வீடு திரும்பிய தேதியை வக்கீலிடம் சொல்லுங்கள். ஊரில் சொந்த வீடு, காடு, தோட்டம், பிள்ளைகளின் பள்ளி, வேலை செய்யும் மில்லின் அடையாள அட்டை எல்லாம் இவர் ஓட மாட்டார் என்பதற்கான சான்றுகள். முன்வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள். அரசு வக்கீல் எழுந்து அதைச் சொல்லும்போது உங்கள் மனு முழுதும் நம்பிக்கை இழந்துவிடும்.

ஜாமீன் மனுக்களைப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2022இல் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னும் கைதாகாதவர் பிரிவு 482இல் முன்ஜாமீன் கேட்கலாம். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. அந்த வழக்குகளில் சாதாரண ஜாமீனுக்கும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். அது சரியான பாதுகாப்பு என்பதே என் எண்ணம். குண்டர் சட்டத்தில், அதாவது தடுப்புக் காவலில், வைத்திருந்தால் பாதையே வேறு. அங்கே ஜாமீன் மனு பயன்படாது, ஆட்கொணர்வு மனுதான் போட வேண்டும்.

ஜாமீன்தாரர்: இங்கேதான் ஆள் சிக்கிக்கொள்கிறார்

ஆணையில் வழக்கமாக இப்படி இருக்கும்: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும் நடுவர் திருப்திப்படும்படி தர வேண்டும். சில ஆணைகளில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சேர்த்திருப்பார்கள்.

முதல் குழப்பம், பத்தாயிரத்தைக் கட்ட வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. 'இவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் பிணைப்பத்திரம். அமெரிக்காவில் பத்து சதவீதம்போல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் கட்டும் கம்பெனிகள் உண்டு, அந்தக் கட்டணம் திரும்பி வராது. நம் நாட்டில் அந்தத் தொழிலுக்கு இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பதும், 'நஷ்டம் வந்தால் நான் தருகிறேன்' என்று ஜாமீன்தாரருக்கு எழுதிக் கொடுப்பதும் பொது நலனுக்கு எதிரானவை. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது.

கோர்ட் வாசலில் 'ரெண்டு சூரிட்டி ரெடியா இருக்குதுங்க, இவ்வளவு கொடுத்தாப் போதும்' என்று வருகிறவரிடம் போகவே போகாதீர்கள். அவர்கள் கொண்டுவரும் ரசீது போலியாக இருந்தால் ஜாமீன் ரத்தாவதோடு, ஆவண மோசடி என்று இன்னொரு வழக்கும் வீட்டு வாசலுக்கு வரும். இதற்கு முன் யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறார் என்று ஒவ்வொரு ஜாமீன்தாரரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும் (பிரிவு 486). ஒரே முகம் மாதம் பத்து வழக்கில் வந்தால் நடுவருக்குத் தெரியாமல் போகாது.

அப்படியானால் யாரைக் கேட்பது? பங்காளி, மாமன், மச்சான், தோட்டத்துக்காரர், ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர். பெண்களும் நிற்கலாம். அத்தை பெயரில் வீடு இருந்தால் அத்தையையே கூட்டிப் போங்கள். கேட்கும் விதத்தில் நேர்மை வேண்டும். 'ஒரு கையெழுத்துத்தானுங்க மாமா, சும்மா வந்துட்டுப் போனாப் போதும்' என்று கூட்டிப் போவது நியாயம் இல்லை. 'மாமா, இவன் வாய்தாவுக்கு வராமப் போயிட்டா பத்தாயிரம் ரூபாய் உங்ககிட்டக் கேப்பாங்க. அவன் வர்றதுக்கு நான் பொறுப்புங்க, ஒவ்வொரு தேதியும் உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றனுங்க' என்று சொல்லுங்கள். தெரிந்து கையெழுத்துப் போட்டவர்தான் நடுவர் கேட்கும்போது தடுமாறாமல் பதில் சொல்வார்.

காகிதங்களை ஜாமீன் மனு தாக்கலாகும் நாளிலேயே சேருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது, நிலம் என்றால் பட்டா, சிட்டா. சில கோர்ட்டுகள் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், பெரிய தொகை என்றால் தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்றிதழும் கேட்கும். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஒரே நாளில் வராது. அரசு ஊழியர் என்றால் அடையாள அட்டையும் சம்பளச் சான்றும் பல இடங்களில் போதும். எந்தக் கோர்ட்டில் எது கேட்கிறார்கள் என்பது நடுவருக்கு நடுவர் மாறும். அதனால் வக்கீலின் குமாஸ்தாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியாத நடைமுறை இருக்காது.

ரசீதில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஜாமீன்தாரர் பெயரிலேயே இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறதா, பாக்கி இல்லாமல் கட்டியிருக்கிறதா. கூட்டுப் பட்டா என்றால் பிரச்சினை வரலாம், இன்னொருவரையும் தயாராக வைத்திருங்கள். இரண்டு பேர் தேவை என்றால் மூன்று பேரைத் தயார் செய்வது என் அறிவுரை. ஒருவருக்கு அன்று காய்ச்சல் வரும், இல்லை தறிக்குப் பாவு ஏற்றும் நாளாகிவிடும்.

அசல் காகிதங்களோடு இருவரும் காலையிலேயே கோர்ட்டில் இருக்க வேண்டும். நடுவர் அழைத்து, இவர் உனக்கு என்ன வேண்டும், எவ்வளவு நாள் பழக்கம், வழக்கு என்ன தெரியுமா, எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு, காசு வாங்கினாயா என்று கேட்பார். புகைப்படம் ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். இதனால் வீடோ நிலமோ அடமானம் ஆவதில்லை, விற்கவும் தடை இல்லை. ஏற்றுக்கொண்டதும் விடுதலை ஆணை சிறைக்குப் போகும். மாலை அடைப்புக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலைதான். வேறு வழக்கில் சிறையிலேயே கைது காட்டியிருக்கிறார்களா என்றும் முன்பே விசாரித்துவிடுங்கள். வாசலில் குழந்தையோடு காத்திருந்து ஏமாறும் குடும்பங்களைப் பார்க்க மனம் பொறுக்காது.

ஜாமீன்தாரரே கிடைக்காவிட்டால்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர், சோமனூர்ப் பக்கம் வாடகை வீட்டில் தறி ஓட்டும் குடும்பம், பெருந்துறைச் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இவர்களுக்கு வீட்டு வரி ரசீது உள்ள இரண்டு உள்ளூர்க்காரர்கள் எங்கே கிடைப்பார்கள்? ஜாமீன் கிடைத்தும் நெடுநாள் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சட்டம் இவர்களைக் கைவிடவில்லை, கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் இருந்த அவருடைய சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்க நடுவர் மறுத்திருந்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அது தவறு என்று தீர்ப்பளித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். ஆகவே வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்ற ஒரே காரணத்துக்காக ஜாமீன்தாரரை மறுத்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டி வாதிடச் சொல்லுங்கள். பிணைத்தொகை அளவுக்கு மீறி இருக்கக்கூடாது என்பது பிரிவு 484. ஆணை தந்த நீதிமன்றத்திலேயே நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். ஆளுக்குப் பதில் ரொக்கத்தைக் கட்ட அனுமதிக்கும்படியும் கேட்கலாம் (பிரிவு 490). வழக்கு ஒழுங்காக முடிந்தால் அந்தப் பணம் திரும்பி வரும்.

2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவான கட்டளைகளைத் தந்தது. ஜாமீன் ஆணையை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் தர முடியாவிட்டால் நிபந்தனையை மாற்றலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீனுக்குக் கிடைக்க வழி உண்டு. போதைப்பொருள், ஊழல் போன்ற சில வழக்குகளுக்குப் பொருந்தாது. சிறைக்குள் வரும் சட்டத் தன்னார்வலரிடமோ கோர்ட் வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்திலோ எழுதிக் கொடுங்கள்.

நாட்கணக்கு

ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம், ஆயுள், மரண தண்டனைக் குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் (பிரிவு 187(3), பழைய 167(2)). வணிக அளவு கஞ்சா போன்ற சில வழக்குகளில் இது 180 நாள். ரிமாண்ட் ஆன நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை வந்து, அதற்குள் நீங்கள் மனுப் போடாமல் இருந்திருந்தால் உரிமை போய்விட்டது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனால் பிரிவு 479 இருக்கிறது. அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளேயே கழித்தவருக்கும், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் விடுதலைக்கு வழி உண்டு. ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் இது கிடையாது.

வெளியே வந்த பிறகு

நிபந்தனைக் கையெழுத்து என்றால் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ போய்ப் போட வேண்டும். ஒரு நாள்கூட விடாதீர்கள். உடம்பு முடியாவிட்டால் மருத்துவச் சீட்டோடு வக்கீலிடம் சொல்லுங்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு தளர்த்தக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். புகார் கொடுத்தவர் வீட்டுப் பக்கம் சமாதானம் பேசக்கூடப் போக வேண்டாம், அதைச் சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

வாய்தா தவறினால் பிடிவாரண்ட் வரும். பாரதிய நியாய சன்ஹிதா 269இல் ஓராண்டு வரை தண்டனை உள்ள தனிக் குற்றமாகவும் ஆகும். ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் போய், தொகையை ஏன் வசூலிக்கக்கூடாது என்று கேட்பார்கள் (பிரிவு 491, பழைய 446). பதில் சொல்லாமல் வீட்டில் இருந்துவிடக்கூடாது. ஆளை ஆஜர்படுத்திவிட்டால், காரணம் நியாயமாக இருந்தால், தொகையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டவும் முடியாமல் வசூலிக்கவும் முடியாமல் போனால் ஆறு மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்பவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆள் போக்குச் சரியில்லை, ஓடிவிடுவான் என்று பட்டால் ஜாமீன்தாரர் காத்திருக்க வேண்டியதில்லை. தன்னை விடுவிக்கும்படி நடுவரிடம் பிரிவு 489இல் மனுக் கொடுக்கலாம். அப்போது குற்றம் சாட்டப்பட்டவர் வேறு ஜாமீன்தாரரைத் தர வேண்டும், தராவிட்டால் மறுபடி உள்ளே போக வேண்டும்.

வழக்கு முடிந்த அன்றே இரண்டு வேலைகள் பாக்கி இருக்கும். ரொக்கம் கட்டியிருந்தால் திரும்பப் பெற மனுப் போடுங்கள், தானாக வராது. கோர்ட்டில் அசல் ஆவணம் எதையாவது வாங்கி வைத்திருந்தால் அதையும் மனுப் போட்டு எடுத்துக்கொண்டு போய், கையெழுத்துப் போட்ட பெரியப்பா கையிலும் மாமா கையிலும் கொடுத்துவிடுங்கள்.